கபடியிலிருந்து ரக்பிக்கு – கடிதம்

அன்புள்ள அக்கா,

பெண்கள் ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் திண்டுக்கல் பக்கம். பள்ளியிலிருந்தே கபடி, ரைட் கார்னர். பல்கலைக்கழக அணி வரை ஆடினேன். மாநில முகாமுக்குப் போயும் கடைசிப் பட்டியலில் பெயர் வரவில்லை. என் எடை 74 கிலோவுக்குக் குறையாது. பெண்கள் கபடியில் 75 கிலோதான் வரம்பு, அதற்குள் இருக்க ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் பட்டினிதான். இப்போது வயது 25, சென்னையில் வங்கி வேலை. கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை ரக்பி பயிற்சிக்கு அழைத்துப் போனாள். அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. இந்தியாவுக்கு ஆட வேண்டும் என்று தோன்றுகிறது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். "கபடியிலேயே வராதது இதுல வந்துடுமா?" என்கிறார் அம்மா. அமெரிக்க ரக்பி வீராங்கனை இலோனா மாஹரும் வேறு விளையாட்டிலிருந்து வந்தவர்தானே? 25 வயதில் ஆரம்பிப்பது பைத்தியக்காரத்தனமா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

எஸ். (முழுப்பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள எஸ்,

பைத்தியக்காரத்தனம் இல்லை. வேலையை விடுவது மட்டும் பைத்தியக்காரத்தனம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மாஹரை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். ஹாக்கி, கூடைப்பந்து எல்லாம் ஆடியவர்தான், ஆனால் 17 வயதிலேயே ரக்பிக்கு வந்துவிட்டார். நீங்கள் பார்க்க வேண்டிய ஆள் ஷானா பிரவுன். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இங்கிலாந்துக்காகச் சங்கிலிக் குண்டு எறிந்தவர். தீயணைப்பு வீரராகவும் வேலை பார்த்தவர். ரக்பியைத் தொட்டது 2015-இல், அதாவது உங்கள் வயதில். 2017-இல் இங்கிலாந்து அணியில் இருந்தார். இரண்டு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுவதுதான் ஸ்க்ரம். அதன் முன்வரிசையில் ஓரத்தில் நிற்கிற ப்ராப் இவர். 2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டிவரை ஆடினார். ஆக்லாந்தில் நியூசிலாந்திடம் 34-31 என்று தோற்ற அந்த ஆட்டத்துக்குப் பிறகு சர்வதேச ரக்பியிலிருந்து ஓய்வு பெற்றார்.

அயர்லாந்தின் லிண்ட்சே பீட் இன்னும் ஒரு படி மேலே. நாட்டுக்காகக் கூடைப்பந்து ஆடியவர், டப்ளின் அணியோடு 2010-இல் அந்நாட்டின் சொந்த விளையாட்டான கேலிக் கால்பந்தில் பட்டம் வென்றவர். அயர்லாந்து ரக்பி அணிக்கு முதன்முதலாக ஆடியது 2015-இல், முப்பத்தைந்தை நெருங்கும்போது. அவரும் ப்ராப்தான்.

இரண்டு பேருமே ப்ராப் என்பதைக் கவனியுங்கள். தாமதமாக வருகிறவர்கள் எல்லா இடத்திலும் நன்றாக ஆடுவதில்லை. ஏற்கெனவே முற்றிய ஒரே ஒரு திறமையைக் கொண்டுவந்து, அது செல்லுபடியாகும் இடத்தில் நிற்கிறார்கள். சங்கிலிக் குண்டு எறிகிறவருக்கு இடுப்பும் தொடையும்தான் ஆட்டமே. ஸ்க்ரம்முக்கும் அதுதான் வேண்டும். ஆட்டத்தைப் படித்து அணியை நடத்துகிற ஃப்ளை-ஹாஃப் இடத்துக்கு இப்படி வந்து உட்கார முடியாது. அதற்குச் சின்ன வயதிலிருந்தே பந்து கையில் இருக்க வேண்டும்.

இவற்றை விடாமுயற்சிக் கதைகளாக மட்டும் படித்தால் பாதிதான் தெரியும். கதவை யாரோ திறந்து வைத்திருந்தார்கள் என்பது மீதி. 2009 அக்டோபரில் கோபன்ஹேகனில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பியை 2016 ரியோவில் சேர்ப்பதென்று முடிவு செய்தது. அப்போதுதான் பல நாடுகளுக்குத் தங்களிடம் போதுமான பெண் வீரர்கள் இல்லை என்பது உறைத்தது. 2012-இல் நியூசிலாந்து, எந்த விளையாட்டிலிருந்து வேண்டுமானாலும் வாருங்கள் என்று திறந்த தேர்வு வைத்தது. சுமார் 800 பேர் போனார்கள். கூடைப்பந்து போன்ற நெட்பால் ஆடிக்கொண்டிருந்த போர்ஷியா வுட்மன் அப்படி வந்தவர்தான். பின்னாளில் இரண்டு ஒலிம்பிக் தங்கம். அப்பாவும் பெரியப்பாவும் நியூசிலாந்து ஆண்கள் ரக்பி அணியான ஆல் பிளாக்ஸில் ஆடிய குடும்பம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியா, ஆளைச் சாய்க்காமல் தொட்டாலே போதும் என்கிற டச் ரக்பி ஆடுகிறவர்களை இழுத்தது. கூடைப்பந்து ஆடிய குளோயி டால்டன் 2014-இல் மாறினார், 2016-இல் ரியோவில் தங்கம் வாங்கினார்.

அந்தக் கதவு அங்கே இப்போது மூடிக்கொண்டு வருகிறது. இங்கிலாந்து 2019 ஜனவரியில் 28 பேருக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது. 2025 செப்டம்பரில் லண்டன் ட்விக்கனம் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு 81,885 பேர் வந்தார்கள். இத்தனை கூட்டமும் பணமும் வந்துவிட்ட இடத்துக்குப் பதினாறு வயதுப் பெண்கள் வரிசையில் வந்துகொண்டே இருப்பார்கள். 25 வயதில் புதிதாக வருகிறவருக்கு அங்கே இடம் கிடைப்பது இனிமேல் கஷ்டம்.

இந்தியாவில் நிலைமை வேறு. நம் பெண்கள் 15 பேர் கொண்ட அணியாகச் சர்வதேசப் போட்டி ஆட ஆரம்பித்ததே 2018-இல்தான். முதல் வெற்றி 2019-இல் மணிலாவில், சிங்கப்பூருக்கு எதிராக 21-19. அப்போதைய அணித்தலைவி வாபிஸ் பருச்சா பிசியோதெரபிஸ்ட். பீகாரின் ஸ்வீட்டி குமாரி ஓட்டப்பந்தயத்திலிருந்து வந்தவர். அதனால் அம்மாவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது: தமிழ்நாட்டில் கபடியில் நீங்கள் நின்றது ஊருக்கு ஊர் ஆள் இருக்கிற வரிசையில். இந்த வரிசை ரொம்பச் சின்னது. ஆனால் கதவுக்கு உள்ளே பிழைக்கிற அளவுக்குச் சம்பளம் எதிர்பார்க்க முடியாது. உலகக் கோப்பை இறுதிவரை போன கனடாவே அந்தப் போட்டிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. அதனால்தான் சொல்கிறேன், வங்கி வேலை இருக்கட்டும்.

சரி, கபடி உங்களுக்கு என்ன தரும்? மோதலுக்குப் பயப்படாத உடம்பு. புதிதாக வரும் பெரும்பாலானோருக்கு மாதக்கணக்கில் வராதது அது, உங்களிடம் இருக்கிறது. அப்புறம் எடை. பெண்கள் கபடியில் 75 கிலோ என்று கோடு போட்டு உங்களைப் பட்டினி போட்டார்களே, ரக்பியில் அந்தக் கோடே கிடையாது. சாப்பிடுங்கள்.

தொந்தரவும் கபடியிலிருந்துதான் வரும். கார்னரில் நின்று ரைடரின் காலைப் பிடித்தால் விசில் வரும்வரை விடக்கூடாது என்றுதானே பழகியிருக்கிறீர்கள்? ரக்பியில் ஆளைத் தரையில் சாய்த்த அடுத்த நொடி கையை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டு எழுந்து நின்று, அதற்குப் பிறகுதான் பந்துக்குக் கை நீட்டலாம். படுத்தபடியே பிடித்துக்கொண்டிருந்தால் எதிரணிக்குப் பெனால்டி. உங்களை நல்ல கார்னர் ஆக்கிய அதே பிடிவாதம் முதல் சில மாதம் உங்கள் அணிக்குப் புள்ளிகளைத் தொலைக்கும். பயிற்சியாளர் கத்துவார். பொறுத்துக்கொள்ளுங்கள், கை கேட்க நாளாகும்.

இரண்டாவது, தலை. ஆங்கிள் ஹோல்டுக்குப் பாயும்போது தலை எங்கே போகிறது என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆறு மீட்டர் ஆழ அரை மைதானத்தில் அது பெரும்பாலும் தப்பிவிடும். ரக்பியில் எதிராளி முழு வேகத்தில் வருவாள். அவள் முழங்காலுக்கு முன்னால் உங்கள் தலை இருந்தால் மூளை அதிர்ச்சிதான். வலது தோளால் பிடிக்கிறீர்கள் என்றால், உங்கள் வலது கன்னம் அவள் இடுப்புக்குப் பின்பக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும். இதை மெதுவாக, முழங்காலிட்டு, மெத்தையின்மேல் சலிக்கும்வரை செய்துவிட்டு மைதானத்துக்குப் போங்கள். அடிபட்டுத் தலை கிறுகிறுத்தால் குறைந்தது மூன்று வாரம் போட்டி கிடையாது. "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி இறங்குகிற கபடி வீரத்தை அங்கே காட்டாதீர்கள்.

மூன்றாவது, ஓட்டம். நம் அணிகள் அதிகம் ஆடுவது செவன்ஸ். ஏழு நிமிடம், ஏழு நிமிடம், மொத்தம் 14 நிமிடம்தானே என்று தோன்றும். மைதானம் முழு அளவு, சுமார் நூறு மீட்டர் நீளம், ஆள் ஏழு பேர். ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் வரும். உங்கள் உண்மையான குறை இதுவாகத்தான் இருக்கும். மீதி எல்லாம் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். ஓடுவதை நீங்களேதான் செய்ய வேண்டும், வேலைக்குப் போகும் முன்னால், காலை ஐந்தரைக்கு.

இடக்கைப் பக்கம் பாஸ் கொடுப்பதைத் தினமும் பழகுங்கள். அதைத் தவிர மற்ற நுணுக்கங்களைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். எந்த இடத்தில் ஆட விருப்பம் என்று கேட்டால், செவன்ஸில் முன்வரிசை என்று சொல்லுங்கள். ஆனால் ஸ்க்ரம்முக்குக் கழுத்துத் தசையைத் தயார் செய்யாமல் யார் இழுத்தாலும் போகாதீர்கள்.

கபடி ஷூ புல்தரையில் வழுக்கும், ஸ்டட்ஸ் வைத்தது வாங்குங்கள். அதற்கு முன்னால் பல்லைக் காக்கும் மவுத்கார்டு. கடையில் வெந்நீரில் போட்டு வாய்க்குத் தகுந்தபடி கடித்துக்கொள்கிற வகை கிடைக்கும், ஆரம்பத்துக்கு அது போதும்.

அன்புடன்,
அக்கா