முதியோர் இல்லமா? முதலில் நைட் டூட்டியைப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் முதியோர் இல்லம் பற்றித்தான். நடத்துகிறவர்கள், அங்கே வேலை பார்க்கிறவர்கள், அம்மாவை விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறவர்கள் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள்.

சிஸ்டர், பாளையங்கோட்டையில் 12 பேர் தங்கும் இல்லம் நடத்துகிறோம். பாத்ரூமில் வழுக்காத டைல்ஸ் போட்டும் ஆட்கள் விழுவது நிற்கவில்லை. இன்னும் என்ன செய்ய?

டைல்ஸ் நல்லதுதான். ஆனால் யார், எங்கே, எத்தனை மணிக்கு விழுந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? ஒரு நோட்டுப் போடுங்கள். நேரம், இடம், காலில் என்ன செருப்பு, கடைசியாக என்ன மாத்திரை சாப்பிட்டார், இவ்வளவு போதும். கொஞ்ச நாள் எழுதினாலே, ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள், அதுவும் பாத்ரூமுக்குள் இல்லாமல் கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில், என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த வழியில் நைட் லேம்ப் எரிய வேண்டும், சுவரில் பிடிக்கக் கம்பி வேண்டும், ஓரம் சுருண்ட மிதியடி கூடாது. நடை தள்ளாடுகிறவர்களுக்குக் கட்டில் பக்கத்திலேயே கமோடு நாற்காலி. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், உள்ளே விழுந்து கிடப்பவரைத் தள்ளிக்கொண்டு யாரும் போக முடியாது. தூக்க மாத்திரை, பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திரும்பத் திரும்ப விழுந்தால் டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலை அடிபட விழுந்தால், "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் பேசுதாரு" என்று விடாமல் உடனே 108.

இதெல்லாம் செய்தும், ராத்திரி விழித்திருக்க ஆள் இல்லையென்றால் பிரயோஜனம் இல்லை. சமையல்கார அக்காவே ராத்திரிக் காவலும் என்றால் பாவம், அவர் தூங்கத்தான் செய்வார்.

தென்காசிப் பக்கம் ஒரு இல்லத்தில் உதவியாளராக இருக்கிறேன். ஒரு ஆச்சி நான்கு நாளாக ராத்திரியில் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். கட்டிலோடு சேலையால் கட்டிவைக்கச் சொல்கிறார்கள். சரியா சிஸ்டர்?

சரியே இல்லை. கட்டிப்போட்டால் புண் வரும், முண்டும்போது துணி கழுத்தில் இறுகும், தீப்பிடித்தால் ஓட முடியாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு மனநலக் காப்பகம் எரிந்தபோது 28 பேர் இறந்தார்கள், சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் வெளியே வர முடியவில்லை. இதை உங்கள் ஓனரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். அப்புறம், நான்கு நாளாகத்தானே இப்படி? திடீரென்று வந்த குழப்பம் என்றால் மறதி நோய் என்று முடிவு கட்டாதீர்கள். நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, சோடியம் குறைந்தது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ரத்தம், சிறுநீர் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் சென்னையில். அம்மாவை வள்ளியூர் பக்கம் ஒரு ஹோமில் சேர்க்கப் பார்க்கிறோம். எதைக் கவனிக்க?

சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்த நேரத்தில் போய் நில்லுங்கள், இப்போது எத்தனை பேர் டூட்டியில் என்று கேளுங்கள். குடிதண்ணீர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நான் முக்கியமாகக் கேட்பது மாதாமாதம் எடுத்த எடைக் கணக்கு. 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்திருந்தால் காரணம் தேட வேண்டும், எடையே பார்ப்பதில்லை என்றால் அந்த இடம் வேண்டாம். வரவேற்பறை மீன் தொட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். சேர்த்த பிறகு கொடுமை என்று தெரிந்தால் 14567, மூத்த குடிமக்கள் உதவி எண். மாவட்ட சமூக நல அலுவலரிடமும் எழுத்தில் கொடுக்கலாம்.

பக்கவாதம் வந்த தாத்தாவுக்குப் பேரன்மார் அல்வா வாங்கி வந்தால் இல்லத்தில் தடுக்கிறார்கள். சுகர்கூட இல்லையே?

சுகர் அல்ல, தொண்டைதான் பிரச்சினை. தண்ணீர் குடித்தால் இருமுகிறாரா, சாப்பிட்டதும் குரல் கரகரவென்று மாறுகிறதா? அப்படியென்றால் விழுங்குவதில் கோளாறு இருக்கலாம், டாக்டர் பார்க்கும் வரை அல்வாவும் உளுந்தங்களியும் வேண்டாம். எது கொடுத்தாலும் நிமிர உட்காரவைத்துக் கொடுத்து, அதற்கப்புறமும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவர் குதிகாலில் சிவந்திருக்கிறது. தைலம் தேய்க்கலாமா?

தேய்க்காதீர்கள், உள்ளே சதை இன்னும் கெடும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தூக்கிவையுங்கள். ராத்திரியும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். சிவப்பு மறையவில்லை என்றால் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

எங்கள் இல்லம் ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம். மழைக்காலத்துக்கு என்ன தயாரிப்பு?

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள், கரண்டும் இல்லை, போனும் இல்லை. அதனால் போனை நம்பித் திட்டம் போடாதீர்கள். படுக்கையில் இருப்பவர்களை எச்சரிக்கை வந்ததுமே மாடிக்கு மாற்றிவிடுங்கள், தண்ணீர் வந்த பிறகு கட்டிலோடு தூக்க ஆள் கிடைக்காது. மாடி இல்லையென்றால் எந்தப் பள்ளிக்கூடம், எந்த மண்டபம் என்று இப்போதே பேசிவைத்து, நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்ற பட்டியலைத் தீயணைப்பு நிலையத்திலும் விஏஓவிடமும் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொருவர் பேரிலும் ஒரு வார மாத்திரையும் மருந்துச் சீட்டு நகலும் பிளாஸ்டிக் உறையில் தனியாக இருக்கட்டும். ஆக்சிஜன் மெஷின் கரண்டில் ஓடுவது, மாற்றாக ஒரு சிலிண்டர் வேண்டும். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால் இன்சுலினை நனையாமல் டப்பாவில் போட்டு மண்பானைத் தண்ணீரில் வைத்துக்கொள்ளலாம்.