பிர்கியில் தங்குவதா, கடற்கரையில் தங்குவதா?

கேள்வி: செப்டம்பரில் மூன்று நாள்கள் கிரேக்கத்தின் கியோஸ் தீவுக்குச் செல்கிறோம். பழைய கிராமத்தைப் பார்க்க வேண்டும்; மூட்டுவலியுள்ள அம்மாவுக்குக் கடலும் அருகில் இருக்க வேண்டும். எங்கே தங்கலாம்?

பதில்: கிராமத்திலேயே தங்குங்கள். தீவின் தெற்கிலுள்ள பிர்கி உங்களுக்குப் பொருந்தும். கரிய கூழாங்கற்கள் நிறைந்த மாவ்ரா வோலியா கடற்கரை அங்கிருந்து காரில் சில நிமிடத் தொலைவுதான். கடற்கரையில் அறை எடுப்பவர்கள் பெரும்பாலும் நண்பகலில்தான் கிராமத்துக்கு வருவார்கள். அப்போது கடைகள் அடைத்திருக்கும், வீடுகளில் மதிய உறக்கம், தெருவில் வெயில் மட்டுமே மிஞ்சும். காலையில் கடலுக்குப் போய்விட்டு, மாலை ஆறு மணிக்கு மேல் சதுக்கத்தில் வந்து அமர்ந்தால் ஊரே அங்கு வந்து சேர்வதைப் பார்க்கலாம்.

பிர்கியின் சுவர்களை நெருங்கி நின்று பாருங்கள். கருமணல் கலந்த சாந்தைப் பூசி, அதன்மேல் சுண்ணாம்பு அடித்து, ஈரம் காய்வதற்குள் மேல்பூச்சைச் சுரண்டி எடுத்து முக்கோணங்களும் வட்டங்களுமாக வடிக்கும் இந்த வேலைக்குக் 'க்சிஸ்டா' என்று பெயர். விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும்; தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் இதை வண்ண ஓவியம் என்றே எண்ணிவிடுகிறார்கள்.

நீங்கள் செல்லும் மாதமும் நல்ல மாதம். நம் நாட்டுமருந்துக் கடைகளில் ரூமி மஸ்தகி என்று விற்கப்படும் பிசின் இந்தத் தென்பகுதிக் கிராமங்களில்தான் விளைகிறது. கோடையில் மரப்பட்டையைக் கீறி, அடியில் தூவிய வெண்மண்ணில் சொட்டி இறுகிய பிசினைச் செப்டம்பரிலும் சேகரித்துக்கொண்டிருப்பார்கள். வாசலில் அமர்ந்து அதைத் துப்புரவு செய்பவர்களைப் படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்; அந்த மரத்தடி மண்ணை மிதிக்கவும் கூடாது.

அம்மாவுக்கு, மாவ்ரா வோலியாவின் உருளும் கற்களில் வெறுங்காலோடு நடப்பது கடினம். பிடிமானமுள்ள ரப்பர் காலணியும் ஊன்றுகோலும் தேவை. அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்துவர அனுமதியில்லை. கோட்டைபோல் வீடுகள் ஒட்டி நிற்கும் மெஸ்தாவையும் ஒரு மாலை பார்த்துவிடலாம். வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கல் பாவிய சந்துகளில் நடக்க வேண்டியிருக்கும் என்பதால், அம்மாவைச் சதுக்கம் வரை மெதுவாக அழைத்துச் சென்றால் போதும். ஞாயிறன்று பேருந்தை நம்பாமல், டாக்ஸிக்கு முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள்.