குச்சி ஐஸில் சரக்கு சேர்த்தால் உறையுமா?

(வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், உடுமலைப்பேட்டையில் ஐஸ் கம்பெனி நடத்திய குடும்பத்துப் பெண்மணி.)

காலேஜ் கூட்டாளிகள் பதினைந்து பேர் அடுத்த மாதம் எங்கள் தோட்டத்துச் சாளையில் கூடுகிறோம். மாம்பழச் சாற்றில் ஓட்கா கலந்து குச்சி ஐஸ் போட்டுப் பார்த்தேன். ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தும் கூழாகவே இருந்தது. ஃப்ரீசரில் கோளாறா?
– வாசகர், பொள்ளாச்சி

ஃப்ரீசர் மேல் பழி போடாதீங்க. எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது!

எங்கள் ஐஸ் கம்பெனியில் பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் நிற்கும். சாறு ஊற்றிய தகர அச்சுகளை அதற்குள் இறக்கி வைப்போம். தொட்டித் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி போனாலும் உறையாது, அச்சில் இருக்கும் சாறு கல்லாக உறைந்துவிடும். உப்பு அங்கே செய்த வேலையைத்தான் உங்கள் அச்சுக்குள் ஓட்கா செய்திருக்கிறது. சுத்தமான ஆல்கஹால் உறைய மைனஸ் 114 டிகிரி வேண்டும். நம் கடைகளில் விற்கும் ஓட்காவில் ஆல்கஹால் 42.8 சதவீதம். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் அந்த பாட்டிலை எத்தனை நாள் வைத்தாலும் கொஞ்சம் கொழகொழவென்று ஆகுமே தவிர உறையாது.

ஆகவே அளவுதான் எல்லாமே. 1 லிட்டர் 200 மில்லி பழக்கலவைக்கு ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி. மொத்தத்தில் ஆல்கஹால் ஐந்தரை சதவீதம் வரும். சாதாரண பீரில் இருக்கிற அளவுதான். 80 மில்லி அச்சு என்றால் பதினேழு குச்சி தேறும், தலைக்கு ஒன்று போக இரண்டு மிச்சம். குச்சிக்குப் பத்து மில்லிதானா என்று யாராவது முறைத்தால், அவருக்கு டம்ளரில் தனியாக ஊற்றிக் கொடுத்து ஐஸை அதற்குள் நட்டுவிடுங்கள்.

இன்னொன்று. கலவை மெதுவாக உறையும்போது தண்ணீர்தான் முதலில் கட்டியாகும். சர்க்கரையும் சரக்கும் ஒதுங்கி நடுவில் போய்ச் சேரும். கடித்தால் வெளியே சப்பென்று இருக்கும், நடுவில் சுருக்கென்று ஏறும். இதைத் தவிர்க்க, கலவையை முதலில் எவர்சில்வர் பாத்திரத்தில் ஃப்ரீசருக்குள் வையுங்கள். ஓரம் கட்டியாகத் தொடங்கியதும் எடுத்து, மத்தால் நன்றாகக் கடைந்து, அப்புறம் அச்சில் ஊற்றுங்கள். குச்சியை உடனே செருகினால் சாய்ந்துவிடும், ஒரு மணி நேரம் கழித்துச் செருகினால் நேராக நிற்கும். மறுநாள் வரை தொடாதீர்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் மேல்பெட்டியில் ஒரு கப் ஐஸ்கிரீமை ராத்திரி வைத்துப் பாருங்கள். காலையில் அது இளகிக் கிடந்தால் ஓட்காவை 120 மில்லியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பழம் எந்தச் சரக்கோடு சேரும்? எல்லாரும் மாம்பழமே சொல்கிறார்கள், அலுத்துவிட்டது.
– வாசகி, ஈரோடு

நான் குடிப்பவள் இல்லை. ருசி பார்ப்பதுண்டு, அதை வைத்துச் சொல்கிறேன்.

மாம்பழத்தை எல்லாரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அம்மணி. சதைப்பற்றுள்ள பழம் உறைந்தால் ஐஸ் வழவழப்பாக வரும். செந்தூரா கிடைக்கும் மாதங்களில் அதை விட்டு வேறு தேட வேண்டாம். கூட எலுமிச்சையும் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளும் சேருங்கள்.

மாம்பழம் வேண்டாம் என்றால் என் ஓட்டு அன்னாசிக்கு. அன்னாசி, தேங்காய்ப்பால், வெள்ளை ரம் மூன்றும் சேர்ந்ததுதான் பினா கோலாடா. கரீபியன் கடலில் இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோ தீவு அதைத் தன் அதிகாரபூர்வ பானமாகவே 1978-ல் அறிவித்தது. நமக்கோ கொல்லிமலையில் அன்னாசி, பொள்ளாச்சியில் தேங்காய். ரம் மட்டும்தான் கடையில் வாங்க வேண்டியது. முதல் பால் கெட்டியாக எடுத்துச் சேருங்கள். பசும்பால் மட்டும் வேண்டவே வேண்டாம். பச்சை அன்னாசியில் இருக்கும் நொதி பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும்.

தர்பூசணி முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். அப்படியே உறையவிட்டால் பல் உடையும். ஒரு லிட்டர் சாற்றுக்கு நூறு கிராம் சர்க்கரை, இரண்டு எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு போட வேண்டும். ஜின் இதற்குப் பொருந்தும். புதினா வாசம் பிடித்தால் இலையைச் சூடான சர்க்கரைப் பாகில் ஊறவைத்து வடிகட்டிவிடுங்கள், இலையாகவே போட்டால் கறுத்துப்போய் ஐஸைப் பார்க்கவே பிடிக்காது. பன்னீர் திராட்சையை லேசாக வேகவைத்துத் தோலும் விதையும் போக வடிகட்டினால் நிறம் அள்ளும். நுங்கு மட்டும் அரைக்காதீர்கள். சுளையை நறுக்கி நன்னாரி சர்பத்தில் மிதக்கவிட்டு உறையவையுங்கள். அதற்குச் சரக்கே வேண்டியதில்லை என்பது என் கட்சி.

எதுவானாலும், ஊற்றும்போது கலவை ஒரு பிடி அதிகமாகவே தித்திக்க வேண்டும். குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும்.

பீரை அப்படியே குச்சி ஐஸ் ஆக்கலாமா?
– வாசகர், கோபி

பாட்டிலோடு ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள், உறையும்போது விரிந்து வெடித்துவிடும். ஊற்றி, நுரை அடங்கி, எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்து வைத்தால் உறையும். சாப்பிடக் கசப்புத்தான் முன்னால் நிற்கும். பணத்துக்குக் கேடு.

என் வீட்டுக்காரரின் சிநேகிதர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார்கள். இந்தச் சரக்கு ஐஸ் போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வீட்டில் ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் குழந்தைகள். பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பயப்பட வேண்டிய விஷயம்தான். உறையவைத்தால் சரக்கின் வீரியம் போய்விடும் என்று சில பேர் நினைக்கிறார்கள். ஒரு சொட்டும் போகாது. குளிரில் வாடை தெரியாமல் போவது இன்னும் ஆபத்து. சிவப்பாக, குச்சியோடு, தித்திப்பாக ஒன்று ஃப்ரீசரில் இருந்தால் எந்தக் குழந்தை கை வைக்காது? சின்னக் குழந்தைகளுக்கு ஆல்கஹால் கொஞ்சம் போனாலே ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். அப்படி ஏதாவது நடந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

என் யோசனை: பெரியவர்களுக்குக் குச்சியே வேண்டாம். காப்பி டம்ளர் மாதிரிச் சின்ன எவர்சில்வர் டம்ளரில் உறையவைத்து, மூடி போட்டு, கரண்டியோடு கொடுங்கள். அச்சும் குச்சியும் குழந்தைகளுக்கு மட்டும். அவர்களுடையதை வேறு பழத்தில், வேறு நிறத்தில் போட்டு, முதலில் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். பெரியவர்களுடையதை எண்ணி வையுங்கள், ராத்திரி மீதி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வருகிறவர்களில் யாராவது தம்பி, மச்சான் 21 வயது ஆகாதவர் என்றால் அவருக்கும் குழந்தைகள் பக்கத்து ஐஸ்தான். நம் மாநிலத்தில் சட்டமே அதுதான். மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் இதில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கூட்டத்தை யாராவது ஒரு சிநேகிதர் தோட்டத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் ஒன்றும் தப்பில்லைங்க.

வால்பாறையில் ஒரு காட்டேஜ் எடுத்திருக்கிறோம். ஐஸை இங்கேயே போட்டு எடுத்துக்கொண்டு போனால் தாங்குமா?
– வாசகர், கோவை

வெறும் ஐஸ்கட்டியோடு கொண்டு போனால் தாங்காது. ஐஸ்கட்டி பூஜ்யம் டிகிரியில்தான் நிற்கும், சரக்கு கலந்த ஐஸ் அதற்குள் இளகிவிடும். ஐஸ் கம்பெனியில் பார் ஐஸ் வாங்கி, நொறுக்கி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு கல் உப்பு கலந்தால் மைனஸ் 20 டிகிரி வரைக்கும் இறங்கும். தெர்மாகோல் பெட்டியில் முதலில் இதை ஒரு அடுக்கு பரப்புங்கள். ஐஸ்களை பட்டர் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றி, இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் போட்டு நடுவில் வைத்து, சுற்றியும் மேலேயும் ஐஸும் உப்பும் நிரப்புங்கள். மூடி லூசாக இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி எல்லாம் கரித்துவிடும். பெட்டி ஓரத்தை டேப் ஒட்டி அடையுங்கள், வழியில் திறந்து பார்க்காதீர்கள்.

ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. வண்டி ஓட்டுகிறவர் மேலே போய்ச் சேர்ந்து, சாவியை மாட்டிவிட்ட பிறகு அவர் பங்கை எடுத்துக்கொள்ளட்டும். அன்றைக்கே கீழே இறங்குவதாக இருந்தால் அவருக்கு நன்னாரி ஐஸ் கொடுங்கள். குச்சியையும் காகிதத்தையும் காட்டில் போடாமல் அதே பெட்டியில் போட்டுக் கொண்டு வந்துவிடுங்கள்.