நாயை எங்கே அவிழ்த்துவிடலாம்? திருகோணமலைக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (உவர்மலை): அக்கா, எங்கள் லாப்ரடோருக்கு இரண்டு வயது. பின்னேரம் நான்கு மணிக்கு டச்சுக்குடாப் பக்கம் கூட்டிக்கொண்டு போனால் பாதி வழியில் படுத்துவிடுகிறது. சோம்பலா, வருத்தமா?

பதில்: முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள். தார் வீதி பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தைப் பொழுதுபட்ட பிறகும் உடனே விடாது. புறங்கையை வீதியில் வைத்து ஏழு வரை எண்ணுங்கள். கை தாங்காவிட்டால் பாதமும் தாங்காது. கச்சான் வீசுகிற மே முதல் செப்ரெம்பர் வரை காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் நடையை முடித்துவிடுங்கள். நாய் மூச்சிரைத்து, நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் உடலைக் குளிர்விக்கிறது. புழுக்கமான நாளில் அந்த ஈரம் காயாது, ஆகவே எவ்வளவு இரைத்தும் பலனில்லை. பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் ஆபத்து.

நாக்கு கடுஞ்சிவப்பாகி, எச்சில் தடித்து, கால் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துவாயைப் போர்த்திவிட வேண்டாம், சூடு உள்ளேயே அடைபடும். பிறகு தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் போங்கள். குளிரான காலையிலும் படுத்துவிடுகிறது என்றால் கதை வேறு: உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், இரத்தம் சோதிக்க வேண்டும்.

கேள்வி (உப்புவெளி): கடற்கரையில் கரைவலை இழுக்கிற இடத்துக்கு எங்கள் நாய் ஆசையாக ஓடும். விடலாமா அக்கா?

பதில்: தயவுசெய்து விட வேண்டாம். வலையில் அகப்படும் பேத்தை மீனை மணலில் எறிந்துவிடுவார்கள். அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் உள்ள நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்தும். அதற்கு மாற்றுமருந்து கிடையாது. செத்துக் காய்ந்த மீனிலும் நஞ்சு போகாது. வாயில் எடுத்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் வைத்தியரிடம் ஓடுங்கள். தூண்டில் முள்ளும் தூண்டில் நூல் துண்டும் அதே மணலில்தான் கிடக்கும். முள் குத்தினால் வந்த வழியே இழுக்காதீர்கள், கொளுக்கி சதையைக் கிழிக்கும்.

வலை இல்லாத கரையில் ஐந்து மீற்றர் நீளக் கயிறும் நெஞ்சுப்பட்டியும் போட்டு ஈர மணலோரம் நடத்துங்கள். குடிக்கத் தண்ணீர் போத்தல் கட்டாயம். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வயிற்றோட்டம் வரும், அதிகம் குடித்தால் உப்பே உயிருக்கு உலை வைக்கும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை கடல் கொந்தளிப்பு, அப்போது அலைக்குள் இறக்கவே வேண்டாம்.

கேள்வி (திருக்கடலூர்): பிரட்றிக் கோட்டைப் பக்கம் நிழல் இருக்கிறது. அங்கே நடத்தலாமா?

பதில்: அங்கே புள்ளிமான்கள் மேய்கின்றன, நகருக்குள்ளும் கடற்கரைக்கும் வந்துபோகின்றன. துரத்தப்பட்ட மான் கடிபடாமலே கூட, பயத்திலும் தசை சிதைவிலும் பிறகு செத்துப்போகும். நாய் விளையாட்டுக்குத்தான் துரத்தியது என்பது மானுக்கு உதவாது. கோணேசர் கோயிலுக்குப் போகும் சனமும் அதே பாதையில்தான். வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: புறாத்தீவு?

பதில்: இல்லை. அது தேசியப் பூங்கா, நாய் கொண்டுபோக முடியாது.

கேள்வி (பாலையூற்று): நாங்கள் ஆறு குடும்பம். 20 பேர்ச் வெறுங்காணி ஒன்று இருக்கிறது. வேலியடைத்து நாய்கள் ஓடுகிற இடமாக்கலாமா? எப்படிச் செய்வது?

பதில்: இந்த ஊருக்குத் தேவையானது இதுதான் என்று நினைக்கிறேன். கடற்கரையில் பேத்தையும் மானும் கட்டாக்காலி நாயும் இருக்க, கயிறில்லாமல் ஓட ஒரு வேலி போட்ட வளவைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

20 பேர்ச் என்றால் ஏறக்குறைய 500 சதுர மீற்றர். ஒரே நேரத்தில் எட்டு நாய்களுக்கு மேல் வேண்டாம். வேலி ஐந்தடி உயரம், இரண்டு அங்குலக் கண் வலை, எட்டடிக்கு ஒரு தூண். கடலுப்பில் வெறும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். பிளாஸ்ரிக் பூச்சுள்ள வலையை வாங்குங்கள். அடிப்பக்கம் ஒரு அடி மண்ணுக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் தோண்டி வெளியேறிவிடும். முட்கம்பி எந்த உயரத்திலும் வேண்டாம்.

நாய் தப்புவது அநேகமாக வேலியால் அல்ல, படலையால். ஆகவே இரட்டைப் படலை வையுங்கள்: இடையில் ஆறடிக்கு ஆறடிக் கூடு, வெளிப்படலை பூட்டிய பிறகே உள்படலை திறக்கும். அதை மூலையில் போடாதீர்கள். புதிதாக வரும் நாயை மற்றவை மொய்க்கும், மூலையில் அதற்கு ஒதுங்க வழியிராது, சண்டை அங்கேதான் தொடங்கும். பத்துக் கிலோவுக்குக் குறைந்தவற்றுக்குத் தனிப் பகுதி தடுத்துக் கொடுங்கள்.

நிழலுக்கு வேம்பு நடுங்கள், அது வளரும்வரை கிடுகுக் கூரை போதும். பூவுக்கென்று அலரி வைக்க வேண்டாம், இலையும் தண்டும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஐம்பது அடிக்கு ஓரடி சரிவு விடுங்கள். வாடைக்கால மழையில் தண்ணீர் தேங்கினால் நுளம்பும் எலிக்காய்ச்சலும் சேர்ந்து வரும். குழாய் ஒன்று வையுங்கள், பொதுக் கிண்ணம் வைக்காதீர்கள். அவரவர் கிண்ணம் அவரவருக்கு. எலும்பும் பந்தும் உள்ளே வரக்கூடாது, அவற்றுக்காகத்தான் நல்ல நண்பர்களும் கடிபடுவார்கள்.

கேள்வி (சாம்பல்தீவு): பத்து வாரக் குட்டியை அப்படியான வளவுக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: இப்போது வேண்டாம். குட்டிகளுக்குக் கடும் வயிற்றோட்டம் தந்து கொல்லக்கூடிய பார்வோ வைரசு மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், மணலைக் கழுவிச் சுத்தப்படுத்தவும் முடியாது. தடுப்பூசித் தொடர் 16 வாரத்தில் முடிந்து, இன்னும் இரண்டு வாரம் போகட்டும். அதுவரை தூக்கிக்கொண்டு வீதியைக் காட்டுங்கள், சத்தங்களுக்குப் பழகும். விசர்நாய்த் தடுப்பூசியை வருடா வருடம் மறக்காமல் போடுங்கள்.

கேள்வி (மட்டிக்கழி): வீதியில் கட்டாக்காலி நாய்கள் சூழ்ந்தால்?

பதில்: ஓடாதீர்கள். கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி மெதுவாக விலகுங்கள். கயிறு இறுகினால் உங்கள் நாய் முதலில் உறுமும். ஒரு கைப்பிடி உலர் தீனியைத் தூரமாக எறிந்தால் கவனம் திரும்பும். சண்டை மூண்டால் கழுத்துக்குக் கை கொண்டுபோகாதீர்கள். ஒரு பக்கற் தண்ணீர் ஊற்றுங்கள். உங்களுக்குக் கடி பட்டால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி (உப்புவெளி): மலத்தை மணலில் புதைத்தால் போதாதா?

பதில்: போதாது. கொழுக்கிப் புழுவின் முட்டை சூடான ஈர மணலில் பொரித்து, ஒரு வாரமளவில் தோலைத் துளைக்கும் குடம்பியாகிவிடும். வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் பாதத்தில் நெளிநெளியாகச் சிவந்த கோடு தெரிவது அதனால்தான். பையில் அள்ளி முடிச்சுப் போட்டு வீட்டுக் குப்பைக்குக் கொண்டுபோங்கள், மூன்று மாதத்துக்கொருமுறை நாய்க்குப் பூச்சி மருந்து கொடுங்கள்.