பழைய காரின் சேஸிக்கும் அடிப்பாகத்துக்கும் எந்த பெயிண்ட் அடித்தால் நீண்ட நாள் தாங்கும்?

பவுடர் கோட்டிங்கா (பவுடரைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது), எபாக்ஸியா, கறுப்பு ரப்பர் கோட்டிங்கா என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டி எது, ஊர் எது என்று சொல்லவில்லை. சேஸியை, அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, தனியாகச் சொல்வதால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரோ ஜீப்போ வைத்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் கழற்றி எடுக்கத் தனி சேஸி கிடையாது.

என் பதில் இதுதான். துருவை முழுக்க எடுத்த வெறும் இரும்பின் மேல் ஹார்டனர் (பெயிண்டை இறுகவைக்கும் திரவம்) கலக்கும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், அதன் மேல் அதேபோல ஹார்டனர் கலக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட். எபாக்ஸி வெயில் பட்டால் வெளுத்து மாவாக உதிரும், அதனால்தான் மேலே இன்னொன்று. கறுப்பு ரப்பர் கோட்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம். அதைப் போட்டு நான் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் வண்டி 1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நான்கு கதவு. மிக்கலோட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்த இங்கிலாந்து டிரையம்ப் ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு என்று செய்தார்கள். "நம்ம ஊர்ல செஞ்ச வண்டிடா" என்று அப்பா சொல்லாத நாள் இல்லை. பம்பாய்க்கு மாற்றலானபோது லாரியில் ஏற்ற மனமில்லாமல் தானே ஓட்டிக்கொண்டு வந்தார்.

2005 ஜூலை 26. மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. கலினாவில் எங்கள் கட்டடத்துக் கீழே நின்ற வண்டிக்கு சீட் வரை தண்ணீர், சாக்கடையும் சேறும் கலந்த தண்ணீர். வடிந்த பிறகு இன்ஜினைப் பிரித்தோம், வயரிங்கை மாற்றினோம், சீட்டைத் தைத்தோம். அடிப்பாகத்துக்கு ஒரு பெரிய கேரேஜில் விட்டேன். தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, மறுநாளே கறுப்பாகத் தடிமனாக ரப்பர் கோட்டிங் அடித்துக் கொடுத்தார்கள். குனிந்து பார்த்தால் புது வண்டி போல இருந்தது. இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று அப்பாவிடம் நான்தான் சொன்னேன்.

2011இல் ஒரு நாள் பஞ்சர். ஜாக்கி வைத்துத் தூக்கினேன். வண்டி எழவில்லை, ஜாக்கி மட்டும் மேலே போனது. சேஸியின் இரண்டு பக்கமும் கை போல நீண்டு பாடியைத் தாங்கும் பெட்டிச் சட்டங்கள் உண்டு, ஹெரால்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த பலவீனமான இடம் அது. அதற்குள் ஜாக்கி புகுந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கறுப்புத் தோல் பாளம் பாளமாக வந்தது, உள்பக்கம் ஒட்டிக்கொண்டு இரும்பும் வந்தது. பக்கத்தில் நின்ற அப்பா ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஈரமும் சேறும் துருவும் இருந்த இடத்தின் மேலேயே அடித்திருக்கிறார்கள். அந்தப் பூச்சு நாளாக ஆக இறுகி வெடிக்கும். வெடிப்பில் நுழைந்த தண்ணீர் திரும்ப வெளியே வராது. மழை நின்று ஒரு மாதம் கழிந்தும் உள்ளே இரும்பு நனைந்தே இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதைச் சொன்னால் 'நல்ல இடத்தில் செய்திருந்தால் இப்படி ஆகாது' என்று யாராவது எழுதுவார்கள். ஆகாமல் இருக்கலாம். ஆனால் கெட்டுப்போவதைக் கண்ணில் காட்டாத பூச்சை நான் இனி நம்பமாட்டேன்.

மழைக்காலம் முடிந்து நவம்பரில் ஆரம்பித்தோம். மஸகான் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் பெயிண்டிங் பார்த்த என் சித்தப்பாதான் வழிகாட்டினார். போல்ட்டுகளைக் கழற்றி பாடியைத் தூக்கி வைத்தோம். வெல்டிங் தாராவியில் இருக்கும் திருநெல்வேலிக்கார அண்ணாச்சி. "சேஸில பட்டி போட்டு மூடிராதீங்க அண்ணாச்சி" என்றேன். "பட்டி போட்டு மூடுறவன் டிங்கரா தம்பி?" என்றார் கோபமாக. மட்கிய கைகளை வெட்டி எறிந்து புதுத் தகட்டில் பெட்டி செய்து பற்றவைத்தார்.

அடுத்தது பிளாஸ்டிங், துகள்களை வேகமாகப் பீய்ச்சித் துருவை உரிப்பது. அது செய்து வந்த இரும்பு சாம்பல் நிறத்தில் மின்னும். மும்பைக் காற்றில் அதை ஒரு ராத்திரி விட்டால் காலையில் பழுப்பேறிவிடும். அன்று சாயங்காலத்துக்குள் பிரைமர் விழ வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதமாக நின்றார். முதலில் விளிம்பு, வெல்டிங் கோடு, போல்ட் ஓட்டை எல்லாவற்றிலும் பிரஷ்ஷால் ஒரு கோட். "ஓரத்துலதான் பெயிண்ட் மெலிசா நிக்கும், துரு அங்கதான் முதல்ல வரும்" என்றார். கப்பலில் அப்படித்தான் செய்வார்களாம். அதற்குப் பிறகுதான் முழுக் கோட். ஹார்டனர் கலக்கும் அளவும், கலந்த பிறகு காத்திருக்க வேண்டிய நேரமும், அடுத்த கோட்டுக்கான இடைவெளியும் டப்பாவிலேயே அச்சடித்திருக்கும். அதை மீறாதீர்கள். கடைக்காரர் தின்னரை ஊற்று என்பார், ஊற்றாதீர்கள்.

பாலியூரித்தேனையும் பிரஷ்ஷால்தான் அடித்தோம். ஸ்ப்ரே செய்தால் அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்குள் போகும், ஆஸ்துமா வரும். முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. அண்ணாச்சி கைக்குட்டையோடு ஸ்ப்ரே கன்னை எடுத்தார், நான் பிடுங்கி வைத்தேன். அடியில் பிரஷ் கோடு தெரிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பவுடர் கோட்டிங் போட்டு நன்றாக வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அலாய் வீலுக்கு நானே போடச் சொல்வேன். சேஸியின் உள்மூலைகளில் பவுடர் சரியாகப் போய் ஒட்டாது, ஒரு கல் பட்டுப் பெயர்ந்தால் அடியில் துரு ஊர்ந்து போகும், வீட்டில் வைத்து அந்த இடத்தை மட்டும் சரிசெய்யவும் முடியாது. அதுதான் என் ஆட்சேபணை.

இத்தனையும் செய்த வண்டியை எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் 'பங்கார்', அதாவது காயலாங்கடைச் சாமான், என்கிறார்கள். போன வருஷம் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினார்கள், பழைய இரும்பை அகற்றவும் என்று. நோட்டீஸைக் கிழித்த பிறகும் கோந்துக் கறை இன்னும் போகவில்லை. 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கென்று 2021இலேயே மத்திய அரசு விண்டேஜ் பதிவு விதி கொண்டுவந்துவிட்டது. பக்கத்தில் ஆறு வருஷமாக அசையாமல், நான்கு டயரும் காற்றிறங்கி நிற்கும் பெரிய காருக்கு ஒரு நோட்டீசும் கிடையாது. கேட்டால் அது நல்ல மாடலாம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் எங்கேயாவது சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று விட்டுவிட்டேன். பெட்டிச் சட்டங்களின் உள்பக்கத்துக்கு பிரஷ் போகாது. பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய குழாய் விட்டு உள்ளே மெழுகுப் பூச்சு அடியுங்கள். தண்ணீர் வடியும் ஓட்டைகளைப் பெயிண்டோ மெழுகோ அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். நான் வருஷா வருஷம் மே மாதம், மழைக்கு முன்னால் செய்கிறேன்.

நிறமும் கேட்டிருந்தீர்கள். கறுப்பு வேண்டாம், வெளிர் சாம்பல் அடியுங்கள். துரு ஒரு புள்ளி விட்டாலும் டார்ச் வெளிச்சத்தில் தெரியும். என் வண்டியில் இதுவரை மூன்று புள்ளி பார்த்தேன், மூன்றும் கல் பட்ட இடம். அன்றைக்கே உப்புத்தாள் தேய்த்து, தொட்டு அடித்துவிட்டேன்.