இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் நுவான்க்வோ கானுவால் உயர்மட்டக் கால்பந்து ஆட முடிந்ததா?

முடிந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் அரையிறுதியில் பிரேசிலுக்கு எதிராகக் கடைசி நிமிடச் சமன் கோலையும் கூடுதல் நேர வெற்றிக் கோலையும் அடித்து, அணித்தலைவராக நைஜீரியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த கானுவுக்கு, இன்டர் மிலான் கழகம் நடத்திய மருத்துவப் பரிசோதனையில் இதய வால்வுக் கோளாறு தெரியவந்தது. அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சை பெற்று, 1997இல் களம் திரும்பினார். 1999 அக்டோபரில், செல்சி கழகத்திடம் 0-2 எனப் பின்தங்கியிருந்த, தாம் அப்போது ஆடிய இங்கிலாந்துக் கழகமான ஆர்சனலை, இறுதிக் கால் மணி நேரத்தில் தனியொருவராக மூன்று கோல்கள் அடித்து வெல்லவைத்தார். அவற்றுள் எல்லைக்கோட்டருகே மிகக் குறுகிய கோணத்திலிருந்து அடித்த மூன்றாவது கோலையே அவருடைய ஆட்டத்தின் உச்சமாகக் கருதுகிறேன். 2008இல் போர்ட்ஸ்மவுத் கழகத்துக்கு இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையைத் தந்ததும் அவரது கோலே. இவற்றுக்கிடையே, இதய நோயுற்ற ஆப்பிரிக்கக் குழந்தைகளின் சிகிச்சைக்காக, 2000இல் கானு இதய அறக்கட்டளையையும் நிறுவினார்.