உறக்கத்தில் நெஞ்சை அமுக்குவது எது?

கேள்வி: எனக்கு வயது 23. ஒரு வாரம் இரவுப் பணி, மறுவாரம் பகல் பணி என்று வேலை செய்கிறேன். சில நாட்களில் விழிப்பு வந்த பிறகும் கை கால்களை அசைக்க முடிவதில்லை, குரலும் எழுவதில்லை. யாரோ மார்பின்மீது அமர்ந்திருப்பதுபோல் தோன்றுகிறது. அமுக்குவான் பேய் என்கிறார் பாட்டி. எனக்கு மூளையில் கோளாறா?

பதில்: கோளாறு என்று அஞ்ச வேண்டாம். நீங்கள் விவரிப்பது ‘ஸ்லீப் பராலிசிஸ்’ எனப்படும் தூக்க முடக்கம். சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ தானாகவே விலகிவிடும்.

உறக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைகளுக்குள் கண்கள் வேகமாக அசைவதை 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் பதிவுசெய்தனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் வருவது இக்கட்டத்தில்தான். அப்போது கனவில் ஓடும் நாம் படுக்கையிலும் எழுந்து ஓடிவிடாதபடி, மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு தசைகளின் இயக்கத்தை நிறுத்திவைக்கிறது. பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே என்ற ஆய்வாளர், மூளைத்தண்டில் இந்த வேலையைச் செய்யும் பகுதி சிதைக்கப்பட்ட பூனைகள் தூங்கிக்கொண்டே எழுந்து பாய்வதைக் கண்டு இதை உறுதிசெய்தார். உங்களுக்கு நேர்வது, இந்தத் தடை நீங்குவதற்குள் நினைவு விழித்துக்கொள்வதே.

மார்பில் உணரும் பாரத்துக்கும் காரணம் உண்டு. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் வழக்கம்போல் இயங்குவதால் மூச்சு நிற்பதில்லை. ஆனால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் தளர்ந்திருப்பதால், விரும்பியபடி ஆழ்ந்து மூச்சிழுக்க முயலும்போது அது முடியாமல் போக, யாரோ அழுத்துவதாக மூளை பொருள்கொள்கிறது. அருகில் ஆள் நிற்கும் உணர்வுக்கும் ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. வலிப்பு நோய்க்கான பரிசோதனையில் ஒரு பெண்ணின் மூளையில் இடப்பக்கப் பொட்டு மடலும் உச்சி மடலும் சேருமிடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, தம் பின்னால் நிழல்போல் ஒருவர் இருப்பதாக அவர் கூறியதை 2006-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்டனர். நம் உடல் எங்கிருக்கிறது என்ற கணக்கைப் பேணும் அப்பகுதிக்குத் தூக்க முடக்கத்திலும் பங்கிருக்கலாம்.

ஆகவே பாட்டி பொய் சொல்லவில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு மக்களும் இதே அனுபவத்தை ஒரு கிழட்டுச் சூனியக்காரியின் வேலை என்றே கருதினர். ஆனால் மந்திரிப்பதற்கு அலைவதால் கெடும் தூக்கம் இதை அதிகமாக்கவே செய்யும் என்பதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

மாறிமாறி வரும் பணிநேரமே உங்களுக்கு முதன்மைக் காரணமாக இருக்கலாம். முடிந்தால் நிலையான பணிநேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். முடக்கம் வரும்போது திமிறாமல், மூச்சு ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தவாறு ஒரு விரலை மட்டும் அசைக்க முயலுங்கள்.

பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரிக்கும்போது முழங்கால் திடீரெனத் துவளுதல், குறட்டையுடன் மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.